அம்மாவின் கோல நோட்டும் டோபமின் மாத்திரையும்

"டாக்டர், அம்மா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து கோலம் போடறாங்க" என்றார் மகள். குரலில் பெருமை. அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு ஐந்து வருடமாகப் பார்க்கின்சன் நோய், அதாவது கை கால் அசைவு குறைந்து நடுங்கும் மூளை நோய். நோட்டைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிக்குக் கோலம், ஒன்று போல் இன்னொன்று இல்லை. ஆறு மாதத்துக்கு முன்புதான் அந்த நோய்க்கான பிரமிபெக்சோல் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தேன்.

"செலவெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். மூன்று மாதத்தில் நாற்பது புடவை, எல்லாம் ஆன்லைனில். பாதி பார்சலைப் பிரிக்கவே இல்லையாம். மகளுக்கு அப்போதுதான் தெரியும்.

பார்க்கின்சன் நோயில் நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே வரும். பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை டோபமின் செய்யும் வேலையைத் தாங்களே செய்யும். ஆனால் டோபமின் கை கால் அசைவுக்கு மட்டுமானதல்ல. 'இது வேண்டும், இன்னும் வேண்டும்' என்ற உந்துதலும் அதன் வழியாகத்தான் வருகிறது. டோபமின் வந்து ஒட்டும் இடங்களை ஏற்பிகள் என்போம். அவற்றில் பிரமிபெக்சோல் அதிகம் ஒட்டும் டி3 வகை, மூளையில் அந்த உந்துதலுக்கான பகுதிகளில்தான் நிறைய உண்டு.

டோபமின் மருந்து எடுக்கும் நோயாளிகளின் கற்பனைத் திறன் கூடுவதை இஸ்ரேலில் ரிவ்கா இன்ஸல்பெர்க் குழு சோதித்துப் பார்த்து 2014-இல் எழுதியது. அதற்காக மாத்திரை போட்ட எல்லோரும் கலைஞராகிவிடுவதில்லை. பிறவியிலேயே வரும் வாகும் வேண்டும். அதுவும் ஏதோ ஒரு மரபணுவின் வேலை இல்லை, பல சேர்ந்து செய்வது. இந்த அம்மா பள்ளி நாளிலேயே கோலத்தில் கெட்டிக்காரர்.

கோலம் போடுவது நோய் இல்லை. எனக்குக் கவலை, கூடவே வரக்கூடிய மற்றதுதான்: கட்டுப்பாடில்லாமல் வாங்குவது, சூதாட்டம், அளவு மீறிய சாப்பாடு, காம வேட்கை. அமெரிக்கா, கனடாவில் 3,090 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், பிரமிபெக்சோல் வகை மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு இவற்றில் ஒன்றாவது இருந்தது. எடுக்காதவர்களில் 7 சதவீதம். வெட்கத்தில் யாரும் தானாகச் சொல்வதில்லை. அதனால் வீட்டில் இருப்பவர்கள்தான் கவனித்து எங்களிடம் சொல்ல வேண்டும். பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பதற்றமும் மனச்சோர்வும் படுத்தி எடுத்துவிடும்.

இந்த அம்மாவுக்குப் பிரமிபெக்சோல் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபா மருந்தைச் சற்றுக் கூட்டினேன். இப்போது பார்சல் வருவதில்லை. பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறார். சாயங்காலம் ஒரு கோலம் போடுகிறார்.