ஐந்து விநாடிக்குள் பந்தை உள்ளே எறிய முடியாத அணிகள்

2016 மார்ச் 20ஆம் தேதி, அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்துத் தொடரின் இரண்டாம் சுற்றில், ஆட்டம் முடிய 44 விநாடிகள் இருந்தபோது நார்தர்ன் அயோவா அணி டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியைவிட 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. அதன்பின் எதிரணி முழு மைதானத்திலும் பிரஸ் செய்ய (ஒவ்வொருவரையும் நெருங்கி மறித்து நெருக்கடி கொடுக்க), பந்தை உள்ளே எறியவும் எறிந்ததைக் காப்பாற்றவும் முடியாமல் அடுத்தடுத்துப் பறிகொடுத்த அந்த அணி, 71-71 என்ற சமநிலைக்கு இறங்கி, இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 92-88 என்று தோற்றது. அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அந்த முன்னிலையைப் பெற்றவர்களும் அவர்களேதான்.

பள்ளி, கல்லூரி அணிகளுக்குப் பயிற்சி அளிக்கும் நான், இதே தடுமாற்றத்தைச் சிறிய அளவில் அடிக்கடி காண்கிறேன். பெற்றோரும் சக ஆட்டக்காரர்களும் எறிந்தவரையே குறை சொல்கிறார்கள். என் பார்வையில் பெரும்பாலும் தவறு மைதானத்துக்குள் நிற்கும் மற்ற நால்வரிடம் இருக்கிறது. அதற்கும் முன்னால், பயிற்சியாளரிடம் இருக்கிறது. பயிற்சி ஆட்டங்களில் நாம் பந்தை ஒருவர் கையில் கொடுத்து "தொடங்கு" என்று சொல்லிவிடுவதால், த்ரோ-இன், அதாவது கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது, போட்டி நாளன்று மட்டுமே நடக்கும் ஒரு செயலாகிவிடுகிறது.

நடுவர் கையை வீசி ஐந்து விநாடிகளை எண்ணத் தொடங்கியதும் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். முதல் இரண்டு விநாடிகளில் நால்வரும் கையை உயர்த்தி "இங்கே, இங்கே" என்று நின்ற இடத்திலேயே குரல் கொடுப்பார்கள். மூன்றாவது விநாடியில் நால்வரும் ஒரே நேரத்தில் பந்தை நோக்கி ஓடிவந்து, தங்களைக் காவல் காப்பவர்களையும் உடன் அழைத்து வந்து, இருந்த இடைவெளியையும் அடைத்துவிடுவார்கள். நான்காவது விநாடியில் பதற்றமடைந்த எறிபவர் பந்தை உயரமாக மிதக்க விடுவார். 1987இல் பாஸ்டனில் நடந்த, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வின் கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், 107-106 என முன்னிலையில் இருந்த டெட்ராய்ட்டின் ஐசையா தாமஸ் பில் லேம்பீருக்கு எறிந்த பந்தை லாரி பேர்ட் பாய்ந்து பறித்து டென்னிஸ் ஜான்சனுக்குக் கொடுக்க, பாஸ்டன் 108-107 என்று வென்றது. பெறுபவர் பந்தை எதிர்கொண்டு வராமல் காத்து நிற்பதன் விலைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எறிபவர் யார் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். பந்துக்கு அருகில் இருப்பவர் எடுத்து எறிவது பல அணிகளில் வழக்கம். பந்தைத் தட்டிக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டையே எறியச் சொல்வது இன்னொரு வழக்கம். இரண்டாவது எனக்கு உடன்பாடில்லாதது, ஏனெனில் பந்தைப் பெற்று நெருக்கடியில் இருந்து வெளியே கொண்டுவரக்கூடியவரையே அது கோட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. உயரமும் நிதானமும் உள்ள ஃபார்வர்ட் (முன்கள ஆட்டக்காரர்) ஒருவரே பொருத்தமானவர்.

அவருக்கு விதியும் தெரிந்திருக்க வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகளின்படி, நடுவர் காட்டிய இடத்திலிருந்து எறியும்போது பக்கவாட்டில் மொத்தம் 1 மீட்டருக்கு மேல் நகரக் கூடாது. பின்னோக்கி நகர்வதற்குத் தடையில்லை. எதிரணி கூடை போட்ட பிறகு எறியும்போதோ, பேஸ்லைன் (கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோடு) முழுவதும் ஓடலாம், கோட்டுக்கு வெளியே வந்து நிற்கும் சக ஆட்டக்காரருக்கே பந்தைக் கொடுக்கவும் செய்யலாம். ஐந்து விநாடி மட்டும் முதலில் தொடங்கிய கணக்கிலேயே ஓடும். இந்த வேறுபாடு தெரியாமல், ஓடலாம் என்ற இடத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்பவர்களே அதிகம். யாரையும் தொடாமல் நேராக வெளியே போகும் நீண்ட பாஸுக்குத் தண்டனை கடுமையானது: எறிந்த இடத்திலிருந்தே, அதாவது உங்கள் கூடைக்கு அடியிலேயே, பந்து எதிரணிக்குக் கிடைக்கும்.

என்.பி.ஏ. பார்த்து வளரும் மாணவர்களிடம் மற்றொரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அங்கே, எறிய ஆள் கிடைக்காவிட்டால் பந்தைக் கையில் வைத்திருப்பவரே டைம்-அவுட் கேட்டுவிடலாம். ஃபீபா ஆட்டத்தில் பந்து எறிபவர் வசம் வந்தவுடன் அந்த வாய்ப்பு முடிந்துவிடுகிறது; அதுவும் ஆட்டக்காரர் கேட்க முடியாது, பயிற்சியாளர் தரப்புதான் ஸ்கோரர் மேசையில் கேட்க வேண்டும். ஆகவே பிரஸ் வருவதைக் கண்டவுடனே, பந்து கைக்குப் போகும் முன்பே, பயிற்சியாளர் எழுந்திருக்க வேண்டும். நான்காம் கால்பகுதியின் கடைசி 2 நிமிடங்களில், தன் பாதியில் பந்து பெற வேண்டிய அணி டைம்-அவுட் எடுத்தால், எதிர்ப் பாதியிலுள்ள த்ரோ-இன் கோட்டிலிருந்து எறியத் தேர்ந்தெடுக்கலாம். பிரஸ்ஸின் பெரும்பகுதி அதிலேயே அடிபட்டுப்போகும். ஆனால் இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே கோபத்தில் டைம்-அவுட்களைச் செலவழித்துவிட்ட பயிற்சியாளருக்கு இந்த விதியால் பயனில்லை.

எங்கள் பயிற்சியில் கடைசிக் கால் மணி நேரத்தை, கால்கள் களைத்த பிறகு, இதற்கென்றே ஒதுக்குகிறோம். காவலுக்கு ஆறு பேரை நிறுத்துகிறோம். எறிபவர் பந்தைக் கையால் தட்டியதும் ஒருவர் மட்டும் வெட்டி வருகிறார்; ஒரு விநாடி கழித்து இரண்டாமவர் எதிர்த் திசையில் வருகிறார்; மூன்றாமவர் நடுக்கோட்டை நோக்கி ஓடுகிறார்; நான்காமவர் முதலில் வந்தவருக்குத் திரை போடுகிறார், அதாவது அவரைக் காப்பவரின் வழியில் நின்று மறிக்கிறார். இரண்டு கோடுகள் சேரும் மூலையில் எளிதில் மடக்கப்படலாம் என்பதால், அங்கே பந்தைப் பெறுபவருக்கு அந்தச் சுற்று தோல்வி என்றே கணக்கு வைக்கிறோம், பந்து அவர் கையில் பத்திரமாக இருந்தாலும்கூட.