மலக்குடல் புற்றுநோய்: ஒரே காப்பீட்டு அட்டை, மூன்று அனுமதிகள்

மலக்குடல் புற்றுநோய் குடல்சுவரைத் தாண்டியிருந்தால் அறுவை சிகிச்சை மட்டும் போதாது. பெரும்பாலும் முதலில் ஐந்து வாரங்களுக்கு மேல் கதிரியக்கமும் கூடவே கீமோ மாத்திரையும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, சில வாரம் பொறுத்து அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அதற்கு முன்போ பின்போ சில மாதங்கள் கீமோதெரபி தொடரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இச்செலவை ஏற்கிறது. ஆனால் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும். குடும்பங்கள் சிக்குவது இங்கேதான்.

‘எங்களிடம் காப்பீடு உண்டு’ என்று சொல்லும் மருத்துவமனையில் கதிரியக்க இயந்திரமே இல்லாதிருக்கலாம். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு அப்படிப்பட்ட இடத்தில் அறுவை சிகிச்சையை முதலில் செய்துவிட்டு, ‘கரண்ட் (கதிரியக்கம்) வைக்க வேறு இடம் போங்கள்’ என்றார்கள். அங்கே பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கை கேட்டார்கள். முதல் மருத்துவமனையோ அது கோப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்றது. ஸ்கேன் படமும் ரேஷன் அட்டையும் திணித்த பிளாஸ்டிக் பையோடு அவர் மகள் எத்தனை திங்கட்கிழமை அலைந்தாள்! கதிரியக்கத்தை அறுவைக்கு முன்பே கொடுத்தால் அதே இடத்தில் நோய் திரும்புவது குறைகிறது என்பதால், கத்தி வைக்கும் முன்பே ‘மூன்று சிகிச்சையும் இங்கேயே, இதே அட்டையில் நடக்குமா?’ என்று கேட்டுவிடுங்கள்.

அட்டை இல்லையென்றால், பயாப்சி முடிவு வரும்வரை காத்திராமல் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, ரேஷன் அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்லுங்கள். அம்மா இளைய மகன் வீட்டில் இருப்பார், பெயர் மூத்தவர் ரேஷன் அட்டையில் இருக்கும். அப்போது மூத்தவர் குடும்பத்தின் காப்பீட்டு அட்டைதான் செல்லும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். சேர்க்கைக்குப் படுக்கை கிடைத்த நாளில் அதற்கு நேரமிருக்காது.

‘இப்போதைக்குக் கட்டுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்பதை நம்பாதீர்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். ரசீதைக் காட்டிப் பின்னால் பணம் கேட்பதற்கானதன்று. பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள். அட்டையே கிடைக்காவிட்டாலும் அரசு மருத்துவமனைகள் கைவிடுவதில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது.

அறுவைக்குப் பின் வயிற்றில் துளையிட்டு, மலம் சேர்வதற்குத் தற்காலிகமாகப் பை வைக்கப்படலாம். மாதாமாதம் பை வாங்குவது பலருக்குக் கைக்காசுதான். சில மாதம் கழித்து அத்துளையை மூடுவது இன்னோர் அறுவை சிகிச்சை. அதற்கும் புது அனுமதி வேண்டும் என்பதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். வீடு திரும்பும் ஒவ்வொரு முறையும் டிஸ்சார்ஜ் சுருக்கம், பயாப்சி அறிக்கை, எத்தனை நாள் எவ்வளவு கதிரியக்கம் தரப்பட்டது என்ற குறிப்பு ஆகியவற்றின் நகல்கள் கைக்கு வராமல் வாசலைத் தாண்டாதீர்கள்.