வால்வு: கதவா, இதழா?

சைக்கிள் கடையில் 'வால்டியூப்' கேட்டு வாங்கியவர்களுக்கு வால்வு புதிய சொல் அல்ல. அந்த 'வால்' வேறொன்றுமில்லை, வால்வு தேய்ந்து வாலானதுதான். கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு தண்ணீரை மேலே ஏற விடும், திரும்ப இறங்க விடாது. இதயத்தின் நான்கு வால்வுகள் ரத்தத்துக்குச் செய்வதும் அதே வேலைதான்.

சொல்லின் ஊர் லத்தீன். அங்கே 'வால்வா' என்றால் மடக்குக் கதவின் ஒரு பலகை. முழுக் கதவு அல்ல, ஒரு பலகை மட்டும். தமிழில் நாம் படும் பாடெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தமிழில் மூன்று சொற்கள் போட்டியில் இருக்கின்றன. 'ஓரதர்' என்பதில் அதர் பழந்தமிழில் வழி. ஒருவழி மட்டும் விடுவது என்று பொருள். அழகான ஆக்கம்தான். ஆனால் கசியும் வால்வில் ரத்தம் இரு பக்கமும் போகுமே, அதை ஈரதர் என்பதா? அடுத்தது 'தடுக்கிதழ்', தடுக்கும் இதழ். லத்தீன் மூலத்துக்கு இதுவே மிக அருகில் இருக்கிறது. மூன்றாவது 'கவாடம்', அதாவது கதவு. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதய வால்வுக்கு இந்தச் சொல்தான்.

எது சரி என்பதை நெஞ்சில் விழும் அடி காட்டிக்கொடுக்கும். கார் மோதுகிறது, ஸ்டீயரிங் மார்பில் இடிக்கிறது. தோலில் கீறல்கூட இருக்காது. ஆங்கிலத்தில் 'blunt injury' எனப்படும் இதை 'மழுங்கிய காயம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட நம் ஊமைக்காயம் எவ்வளவோ மேல். இதயத்தின் வலது கீழறை நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் இருக்கிறது. ரத்தம் நிரம்பிய அந்த அறை சட்டென்று நசுங்கினால் உள்ளழுத்தம் எகிறும். அந்த அறைக்கும் மேலறைக்கும் நடுவில் உள்ள மூவிதழ் வால்வின் இதழ்களை இழுத்துப் பிடித்திருக்கும் நாண்கள் அறுந்துபோகலாம். பெரும்பாலும் முன்னிதழின் நாண்தான் அறும். பிடிப்பில்லாத இதழ் மேலறைக்குள் புரள, ரத்தம் பின்னோக்கிப் பாயும். சிலர் இதோடு பல ஆண்டுகள் தெரியாமலே நடமாடுவார்கள். கால் வீங்கிய பிறகு எக்கோ எடுத்தால்தான் தெரியவரும். இடப்பக்கம் அப்படியல்ல. ஈரிதழ் வால்வைத் தாங்கும் காம்புத்தசை கிழிந்தால் நுரையீரலில் நீர் கோத்து உடனே மூச்சுத் திணறும்.

இதை வால்வை மாற்றாமலே சரிசெய்ய முடியும். கிழிந்த இதழைத் தைப்பார்கள், அறுந்த நாணுக்குப் பதில் கோர்-டெக்ஸ் (Gore-Tex) என்ற செயற்கை நூலைக் கட்டுவார்கள், விரிந்த விளிம்பை வளையம் வைத்து இறுக்குவார்கள். பிரெஞ்சு மருத்துவர் அலென் கார்பான்டியே இந்த முறைகளை ஒழுங்குபடுத்தி, 1983இல் 'பிரெஞ்சு திருத்தம்' என்ற பெயரில் முன்வைத்தார். உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டும். பழுதுபார்த்துக்கொண்டவர்களில் பலருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் 'வால்வு ஆபரேஷன்' என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. மாற்றா, பழுதுபார்ப்பா என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

சரி, இப்போது எழுதிப் பாருங்கள்: 'மூவிதழ்த் தடுக்கிதழின் முன்னிதழ் கிழிந்தது.' ஒரே வரியில் மூன்று இதழ்! முழுமைக்கும் உறுப்புக்கும் ஒரே சொல்லை வைத்ததன் விளைவு இது. 'மூவிதழ்க் கவாடத்தின் முன்னிதழ் கிழிந்தது' என்றால் குழப்பமில்லை. கவாடம் என்று வைத்துக்கொண்டால் அப்புறம் விளிம்புக்கும் சொல் தேட வேண்டாம். கதவைத் தாங்குவது நிலை. நிலை விரிந்தால் வளையம் போட்டு இறுக்குகிறார்கள். என் ஓட்டு கவாடத்துக்குத்தான்.

டாக்டரிடம் மட்டும் வால்வு என்றே சொல்லுங்கள். கவாடம் என்றால் அவர் கோயில் கதவை நினைத்துக்கொள்வார்.