தகர டப்பாவும் மூன்று தட்டுகளும்: முதல் அச்சைக் கண்டுபிடிப்பது எப்படி?

அந்த டப்பாவைத் திறக்கவே ஒரு பக்குவம் வேண்டும். பழைய 16 மி.மீ. பிலிம் சுருள் வைக்கும் வட்டத் தகர டப்பா மாதிரியே இருக்கும். மூடியில் படம் கிடையாது. நடுவில் மூன்றெழுத்து முத்திரை ஒன்று புடைத்து நிற்கும், அவ்வளவுதான். மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே 12 அங்குல இசைத்தட்டுகள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் வட்டமாக வெட்டிய காகிதத்தோடு. ஓரத்தில் விரல் நுழைய இடம் இல்லை. டப்பாவைச் சாய்த்து, உள்ளங்கையை ஏந்திக்கொண்டு, மெல்லத் தட்டித்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் தட்டும் தட்டும் உரசிக் கீறல் விழுந்துவிடும்.

பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவின் 'மெட்டல் பாக்ஸ்' இது. வர்ஜின் நிறுவனம் 1979 நவம்பர் 23 அன்று வெளியிட்டது. பட்டியல் எண் 'மெட்டல் 1'. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவை விட்டு வெளியேறிய ஜான் லைடன், கிதார் கலைஞர் கீத் லெவீன், பேஸ் கிதார் வாசித்த ஜா வாபிள் ஆகியோர் சேர்ந்து செய்த இசை. பங்க் இசையின் ஆவேசம் அடங்கிய பிறகு, அதே இளைஞர்கள் ஜமைக்காவின் டப் இசையையும் ஜெர்மானியப் பரிசோதனைகளையும் உள்வாங்கி வேறு திசையில் போனார்கள். அதைத்தான் போஸ்ட் பங்க் என்கிறோம். அந்த வகையில் எனக்கு இதைவிடப் பெரிய ஆல்பம் கிடையாது.

டப்பாவை வடிவமைத்தவர் டென்னிஸ் மாரிஸ். செய்து கொடுத்தது மெட்டல் பாக்ஸ் என்றே பெயர்கொண்ட தகர டப்பா நிறுவனம். அதற்கு முன்பு, உறையை உப்புத்தாளில் செய்யலாம், அலமாரியில் பக்கத்தில் இருக்கும் மற்ற ஆல்பங்களின் உறையை அது தேய்த்துவிடும் என்றுகூட ஒரு யோசனை இருந்தது. (அந்த யோசனையை 1980-இல் ஃபாக்டரி நிறுவனத்தின் டுருட்டி காலம் (Durutti Column) குழு நிஜமாகவே செய்து காட்டியது.) தகர டப்பாவின் செலவுக்காக, கொடுத்த முன்பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வர்ஜின் திருப்பிக் கேட்டது. 60,000 பிரதிகளோடு டப்பா நின்றுவிட்டது. 1980 பிப்ரவரியில் அதே பாடல்கள் சாதாரண அட்டை உறையில், இரண்டு தட்டுகளாக, 'செகண்ட் எடிஷன்' என்ற பெயரில் வந்தன.

பாட்டு ஒன்றுதான், உடம்பு வேறு. ஓர் ஆல்பம் முதன்முதலில் வெளியானபோது அச்சிட்ட தட்டைத்தான் முதல் அச்சு என்கிறோம். அதில்தான் ஒலி நன்றாக இருக்கும் என்று தேடுகிறவர்களைப் பார்த்து "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்கிறவர்கள் உண்டு. பல ஆல்பங்களில் அது பாதி உண்மையும்கூட. ஆனால் இந்த ஆல்பத்தில் முதல் அச்சுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளவுகோல் வைத்தே காட்டலாம். டப்பாவுக்குள் இருப்பவை நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் தட்டுகள். அட்டை உறையில் வந்தவை 33⅓ சுற்று.

இந்த 45 சுற்றைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, நன்றாகக் கேட்பதற்கு அந்த வேகம்தான் காரணம் என்று. கணக்குப் போட்டால் விஷயம் வேறாக இருக்கிறது. ஆல்பத்தின் மொத்த நீளம் ஏறக்குறைய 60 நிமிடம். ஆறு பக்கங்களில் பிரித்தால் பக்கத்துக்குப் பத்து நிமிடம். 45 சுற்று வீதம், ஊசி ஓடும் பள்ளம் தட்டைச் சுற்றி 450 வளையங்கள் போடும். நான்கு பக்கங்களில் பிரித்தால் பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம். 33⅓ வீதம் 500 வளையங்கள். ஆக, ஒரு வளையத்துக்குக் கிடைக்கும் அகலம் இரண்டிலும் கிட்டத்தட்ட சமம்தான். பேஸுக்கு வேண்டியது அந்த அகலம். தாழ்ந்த ஒலி ஊசியைப் பக்கவாட்டில் அதிகம் அசைக்கும். பள்ளம் வளைந்து வளைந்து ஓடும். பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடாமல் இடம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கேட்கும்போது ஆம்ப்ளிஃபையரில் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு 1950-களிலிருந்தே உண்டு. 20 ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவார்கள். அப்படிக் குறைத்தும் வாபிளின் பேஸ் அந்தத் தட்டில் கண்ணுக்கே தெரிகிறது. பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கடியில் வினாடிக்கு 69 செ.மீ. ஓடுகிறது. அப்படியானால் ஓர் அலை 1.7 செ.மீ. நீளம். மேசை விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் அந்த அலைகளில் நெளிந்து நெளிந்து போகும்.

வேகத்தால் உண்மையில் தப்பிப் பிழைப்பது உச்ச ஒலிகள்தான். தட்டு சுழலும் வேகம் மாறாது, ஆனால் ஊசி உள்ளே போகப் போக வளையம் சிறுத்துக்கொண்டே வரும். ஒரு வினாடி இசைக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளமும் சுருங்கும். மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில், 33⅓ சுற்றில் வினாடிக்கு 21 செ.மீ.தான் கிடைக்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அங்கே 21 மைக்ரான் நீளத்துக்குள் அடங்க வேண்டும். சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரமே சுமார் 18 மைக்ரான். சின்னக் குழிக்குள் பெரிய கோலிக்குண்டை இறக்குவது போல, ஊசி அலையின் அடிவரை போக முடியாமல் மேலாகவே தாண்டிவிடும். 45 சுற்றில் அதே இடத்தில் அலைக்கு 28 மைக்ரான் கிடைக்கிறது. லெவீனின் கிதார் கண்ணாடி உடைவது போன்ற கூர்மையான ஒலி. டப்பாத் தட்டில் அந்தக் கூர்மை பக்கம் முடியும்வரை மங்காமல் இருப்பதற்கு இந்த 7 மைக்ரான்தான் காரணம்.

இனி, கையில் இருக்கும் தட்டு எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் வெறும் கருப்பாக ஒரு வளையம் இருக்குமே, அங்கேதான் பார்க்க வேண்டும். சேகரிப்பவர்கள் அதை ரன் அவுட் என்பார்கள், டெட் வேக்ஸ் என்றும் சொல்வார்கள். அங்கே சில எழுத்துகளும் எண்களும் பொறித்திருக்கும். அவை ஏன் அங்கே வந்தன என்று புரிய வேண்டுமானால், தட்டு பிறக்கும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

காந்த நாடாவில் இருக்கும் இசையை முதலில் லாக்கர் தட்டில் வெட்டுகிறார்கள். அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. நகச்சாயத்தில் இருக்கிற அதே சரக்கு. சூடேற்றிய செயற்கை நீலக்கல் முனை அதில் பள்ளத்தை வெட்டிக்கொண்டே போகும். வெட்டும் எந்திரம் நாடாவில் வரப்போகும் இசையைச் சற்று முன்னதாகவே படித்து, பெரிய பேஸ் வருகிறது என்றால் முன்கூட்டியே இடத்தை விரித்துக்கொள்ளும். வெட்டி முடித்த பொறியாளர், ரன் அவுட்டில் அந்தத் தட்டின் எண்ணைக் கையால் கீறுவார். சிலர் கூடவே தங்கள் கையெழுத்தையும் இடுவார்கள். ஜார்ஜ் பெக்கம் என்ற பொறியாளர் 'போர்க்கி பிரைம் கட்' என்று கீறியதைத் தேடியே தட்டு வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜாய் டிவிஷன் குழுவின் 'ஸ்டில்' ஆல்பத்தில் 'கோழி நிற்காது' என்று ஒரு பக்கத்திலும் 'கோழி இங்கே நிற்கிறது' என்று கடைசிப் பக்கத்திலும் கீறி, நடுவில் உள்ள இரண்டு பக்கங்களிலும் கோழிக்கால் தடங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து லாக்கரின்மேல் வெள்ளிப் பூச்சு, அதன்மேல் மின்முலாம் முறையில் நிக்கல். நிக்கலை உரித்தெடுத்தால் பள்ளம் மேடாக மாறிய எதிர்வார்ப்பு கிடைக்கும். உரிக்கும்போது லாக்கர் பெரும்பாலும் பாழாகிவிடும். சுவாமிமலையில் மெழுகு உருகி ஓடி உலோகச் சிலைக்கு இடம் விடுகிறதே, அந்த மாதிரி. இந்த எதிர்வார்ப்புக்கு ஆலைக்காரர்கள் வைத்த பெயர் ஃபாதர். அதிலிருந்து மறுபடி நிக்கல் வளர்த்து எடுப்பது மதர். மதரிலிருந்து எடுப்பவை ஸ்டாம்பர்கள். எந்திரத்தில் மேலும் கீழும் இரண்டு ஸ்டாம்பரைப் பொருத்தி, நடுவில் சூடான வினைல் உருண்டையை வைத்து, நீராவிச் சூட்டில் சுமார் நூறு டன் அழுத்தம் கொடுத்தால் அரை நிமிடத்தில் தட்டு தயார். ஆயிரம் தட்டு அளவில் அச்சிட்டதும் ஸ்டாம்பர் தேய்ந்துவிடும். தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், லாக்கரில் கீறியது அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாவற்றிலும் வரும். மதரில் குத்திய அடையாளம் அந்த மதரின் வழியில் மட்டும் வரும். ஸ்டாம்பரில் குத்தியது அந்த ஒரு ஸ்டாம்பர் பெற்ற தட்டுகளில் மட்டுமே வரும். அதனால்தான் பொறியாளர் கீறிய வாசகத்தை மட்டும் பார்த்து "முதல் அச்சு" என்று முடிவு கட்டக் கூடாது. அதே உலோகத்திலிருந்து ஐந்து வருடம் கழித்து அச்சிட்ட தட்டிலும் அதே கோழி நிற்கும்.

மூன்று தலைமுறையையும் ஒரே பார்வையில் படிக்க வைத்தது இங்கிலாந்தின் இ.எம்.ஐ. ஆலை. வயர் குழுவின் '154', கேங் ஆஃப் ஃபோர் குழுவின் 'என்டர்டெயின்மென்ட்!' இரண்டும் 1979-இல் இ.எம்.ஐ. வழியாக வந்தவை. எண் கீறிய இடம் கடிகாரத்தின் 6 மணி பக்கம் இருக்கும்படி தட்டை வைத்துக்கொள்ளுங்கள். 9 மணி பக்கத்தில் இருப்பது மதர் எண். 3 மணி பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் ஸ்டாம்பர் எண். இ.எம்.ஐ.யின் பூர்வீகம் கிராமஃபோன் கம்பெனி லிமிடெட். நாய் படம் போட்டு, கல்கத்தா டம்டம் ஆலையில் நம் தமிழ்ப் படப்பாடல்களை அச்சிட்ட எச்.எம்.வி.க்கும் அதுவே தாய்வீடு. அந்தப் பெயரிலிருந்தே பத்து எழுத்தை எடுத்து எண்களாக்கிக்கொண்டார்கள்: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8. ஒன்பதும் பூஜ்யமும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'டி'தான். ஒற்றைக் காலில் நின்று தலையில் பாரம் சுமப்பது 9, வயிறு புடைத்தது 0.

என்னிடம் இருக்கும் '154' தட்டில் முதல் பக்கம் இடப்புறம் 1, வலப்புறம் ஆர். முதல் மதர், இரண்டாவது ஸ்டாம்பர். மறுபக்கம் திருப்பினால் ஜி.ஓ., அதாவது 15. இரண்டு பக்கத்து ஸ்டாம்பர்களும் ஒரே சமயத்தில் தேய்வதில்லை, மாற்றப்படுவதும் இல்லை. ஒரே தட்டின் இரு பக்கமும் வெவ்வேறு வரிசை எண்ணில் இருப்பது சாதாரணம். இதைப் படித்த அன்று இரவு டார்ச்சும் கையுமாக வீட்டில் இருந்த தட்டுகளையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தேன். சின்ன எண் என்றால் ஒலி தானாகவே நன்றாக இருக்கும் என்றும் இல்லை. முதல் ஸ்டாம்பரின் ஆயிரமாவது தட்டைவிட, இரண்டாவது ஸ்டாம்பரின் முதல் தட்டு துல்லியமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ரன் அவுட்டைப் படித்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். 1979-இல் இங்கிலாந்து உறைகளில் பார்கோடு அநேகமாகக் கிடையாது; இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அந்தக் காலத்து தட்டுகள் பெரும்பாலும் 110 முதல் 140 கிராம். கையில் எடுத்ததும் 180 கிராம் கனத்தால் அது மறுவெளியீடு. பழைய உறையைப் படமெடுத்து மறு அச்சு போட்டிருந்தால், லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது பொடி எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். லேபிளின் நடுத்துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், எத்தனை தடவை குருட்டாம்போக்கில் தட்டை மாட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். உறையையும் தட்டையும் தனித்தனியாகச் சரிபார்ப்பது ரொம்ப முக்கியம். ஒருமுறை தபாலில் எனக்கு வந்த உறை 1979-ஐச் சேர்ந்தது, உள்ளே இருந்த தட்டு பிற்காலத்தது. உறையின் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பியிருந்தேன். இப்போதெல்லாம் ரன் அவுட்டின் படத்தைக் கேட்டு வாங்காமல் பணம் அனுப்புவதில்லை.

'மெட்டல் பாக்ஸ்' விஷயத்தில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். பிற்கால மறுவெளியீடுகளும் தகர டப்பாவில் வந்திருக்கின்றன, 1990-இல் சி.டி.கூட குட்டி டப்பாவில் வந்தது. ஆகவே டப்பா இருக்கிறது என்பது மட்டும் சாட்சி ஆகாது. பழைய டப்பாக்களில் துருப்புள்ளி சகஜம். நாற்பத்தைந்து வருடம் ஆகியும் புத்தம்புதிதாக மின்னினால் தட்டுகளை இன்னொரு முறை பாருங்கள். மூன்று தட்டு, ஆறு பக்கம், ஆறு தனித்தனி லாக்கர். ஒரு தட்டு உடைந்துபோய் வேறு டப்பாவிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கலாம். ஆறு பக்கத்தையும் படிக்க வேண்டும். பக்கத்துக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை நான் சந்தோஷமாகவே செலவிடுவேன்.

பிறகு ஒன்று செய்யுங்கள். தட்டுகளை மறுபடி அந்த டப்பாவுக்குள் போடாதீர்கள். மூன்று வெள்ளைக் காகித உறை வாங்கி, தனித்தனியாக நிமிர்த்தி வையுங்கள். வட்டக் காகிதங்களை மட்டும் டப்பாவிலேயே விட்டுவிடலாம். அவை இல்லாவிட்டால் வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். என் அலமாரியில் டப்பா மேல் அடுக்கில் காலியாகப் படுத்திருக்கிறது, கூடவே ஈரத்தை உறிஞ்ச ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். தட்டுகள் மூன்றும் கீழே, கை எட்டும் இடத்தில்.