காது சூடாகும் அந்த ஐந்து விநாடி

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையம். ஓர் இளைஞர் ஓடிவந்து ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, "சிதம்பரம் ஒண்ணு" என்று நூறு ரூபாயை நீட்டுகிறார். "இது பண்ருட்டி வண்டி தம்பி" என்கிறார் நடத்துநர். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். முதலில் அவர் கண் கீழே போகிறது. உதடுகள் இறுகுகின்றன, அதையும் மீறி ஒரு சின்னச் சிரிப்பு வருகிறது. முகம் ஜன்னல் பக்கம் திரும்ப, கை மூக்கைத் தேய்க்கிறது. "பரவாயில்லப்பா, அந்தா நிக்குது பாரு சிதம்பரம் வண்டி" என்று ஓர் ஆயா கை காட்ட, பையை எடுத்துக்கொண்டு இறங்குகிறார்.

அசடு வழிவது என்கிறோமே, அந்த முகத்தை அமெரிக்க உளவியலாளர் டேக்கர் கெல்ட்னர் வீடியோவில் நொடி நொடியாக ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார். பார்வை தாழ்வது, சிரிப்பை அடக்கப் பார்ப்பது, அதை மீறிச் சிரிப்பு வருவது, தலை திரும்புவது, சில நேரம் கை முகத்தைத் தொடுவது என்று கிட்டத்தட்ட இதே வரிசைதான். எல்லாம் ஏறக்குறைய ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடும். வலிய எதிரியிடம் தலை தாழ்த்திச் சமாதானம் கேட்கும் விலங்குகளின் சைகைகளோடு இதை ஒப்பிடுகிறார் அவர். அதாவது, வாய் திறக்கும் முன்பே உடல் மன்னிப்புக் கேட்டுவிடுகிறது.

அந்த மன்னிப்பு எடுபடவும் செய்கிறது. 1982இல் செமின், மேன்ஸ்டெட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். கடையில் அடுக்கி வைத்திருந்த டாய்லெட் பேப்பர் சுருள்களை ஒருவர் தட்டிவிடும் வீடியோவைக் காட்டினார்கள். கண்டுகொள்ளாமல் நின்றவரைவிட, கூச்சப்பட்டு நெளிந்தவரைத்தான் பார்த்தவர்களுக்குப் பிடித்தது. ஆயாவுக்கு அந்தத் தம்பி மேல் இரக்கம் வந்ததும் இப்படித்தான்.

உடலுக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். ஆபத்தில் உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. பயத்திலும் இதே அட்ரினலின்தான். ஆனால் அப்போது தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி முகம் வெளிறும். கூச்சத்தில் கன்னம், காது, கழுத்தில் குழாய்கள் விரிகின்றன. முகத்துச் சிரைகளில் அட்ரினலினை உணர்ந்து குழாயை விரியவைக்கும் பீட்டா ஏற்பிகள் இருப்பது அதற்கு ஒரு காரணம். நம் ஊர் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. காது சுடுவது மட்டும் சம்பந்தப்பட்டவருக்கு நன்றாகத் தெரியும். பல நாடுகளில் இருந்தவர்களுக்கு டார்வின் 1867இல் அனுப்பிய கேள்விகளில் இதுவும் இருந்தது: தோலின் நிறம் இடங்கொடுத்தால் வெட்கத்தில் முகம் சிவக்கிறதா, அது உடலில் எதுவரை இறங்குகிறது? என்னை அதிகம் வியக்க வைத்தது டிரம்மண்ட், மிர்கோ ஆகியோரின் 2004 ஆய்வு. முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் யாராவது உற்றுப் பார்த்தால், அந்தப் பக்கத்தில் ரத்த ஓட்டம் கூடுகிறது!

கூச்சத்துக்குத் தப்பு செய்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மேடையில் நம்மைப் புகழ்ந்தாலே நெளிகிறோம். ஒரு வயதுக் குழந்தையிடம் "ஷேம் ஷேம்" என்று சொல்லிப் பாருங்கள், அது பாட்டுக்கு விளையாடும். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரிகிற ஒன்றரை, இரண்டு வயதில் அதே குழந்தை அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். தன்னை மற்றவர் கண்ணால் பார்க்கத் தெரிந்த பிறகே கூச்சம் வருகிறது.

சங்கடம் வேறு ரகம். கைமாற்று கொடுத்தவரே அதைத் திருப்பிக் கேட்கக் கூசுகிறாரே, அங்கே அவர் பயப்படுவது உறவு முறிந்துவிடுமோ என்றுதான். ஆண்டுவிழாவில் வசனம் மறந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து நமக்கு ஒரு மாதிரி ஆகிறதே, அதுவும் உண்டு. இப்படி அடுத்தவருக்காகக் கூசும்போது, பிறர் வலியை உணரும்போது இயங்கும் மூளைப் பகுதிகளே இயங்குவதாக ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

அவமானத்தை மட்டும் இவற்றோடு சேர்க்க மாட்டேன். பேருந்தில் அந்த ஆயாவுக்குப் பதில் ஒருவர், "படிச்ச புள்ளைக்குப் போர்டு பார்க்கத் தெரியலயா?" என்று சத்தமாகச் சிரித்திருந்தால் கதையே மாறியிருக்கும். உடல் கேட்ட மன்னிப்பை ஏற்காமல் மிதிப்பதுதான் அவமானம். கூச்சம் ஐந்து விநாடியில் ஆறிவிடும், இது வருடக்கணக்கில் உறுத்தும். வகுப்பறையிலும் வீட்டுக் கூடத்திலும் இந்த வேறுபாட்டைப் பெரியவர்கள் மறந்துவிடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

சரி, எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் எவ்வளவு உண்மை? அமெரிக்க உளவியலாளர் கில்லோவிச் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் கூசும்படியான படம் போட்ட டி-சர்ட்டோடு ஓர் அறைக்குள் அனுப்பப்பட்டார்கள். அறையில் இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

இது தெரிந்தும் கூச்சத்துக்கே பயந்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். முகம் சூடாகுமோ என்று கவலைப்படக் கவலைப்பட, கவனமெல்லாம் முகத்திலேயே குவிந்து படபடப்பு கூடுகிறது. இவர்களுக்கு மனநல நிபுணர்கள் தரும் பயிற்சிகளில் ஒன்று கவனத்தை வெளியே திருப்புவது. எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார், கையில் என்ன வேலை இருக்கிறது என்பதில் மனதை வைக்கப் பழக்குவார்கள். முதலில் டீக்கடையில் காசு கொடுத்துச் சில்லறை வாங்குவது போன்ற எளிய இடங்களில் பழகி, அப்புறம் கூட்டத்தில் எழுந்து பேசுவது வரை படிப்படியாகக் கொண்டுபோகிறார்கள்.