தவிட்டில் வளரும் தவளைத் தீனி

பெரும்பாலான தவளைகளும் தேரைகளும் அசைகிற பொருளையே இரையாக உணர்கின்றன. ஆகவே ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை போன்றதொரு இருவாழ்வியை வீட்டில் வளர்ப்பவர், அதற்கு உயிருள்ள பூச்சிகளை இடைவிடாது தேடிக்கொண்டிருக்க வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளில் 'மீல்வார்ம்' என்று விற்கப்படும் மாவுப்புழுவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தாமே பெருக்கிக்கொள்வது இதற்கு எளிய வழி. பெயரில் புழு என்றிருந்தாலும் இது தெனெப்ரியோ மோலிட்டர் என்னும் கருவண்டின் இளம்பருவமே. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட இவ்வண்டு, தானியக் கிடங்குகளையும் மாவு ஆலைகளையும் அண்டிப் பிழைக்கும் பழைய பீடை. வறண்ட மாவுக்குள் வாழ்வதற்கேற்ப அமைந்த உடல் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், வளர்ப்பு விதிகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

கோதுமைத் தவிட்டில் ஈரம் மிகக் குறைவு. புழுவின் உடலிலோ ஏறத்தாழ அறுபது விழுக்காடு நீர். இந்த நீர் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி செரிமானத்திற்குப் பின் நிகழும் வேதிவினையிலிருந்து கிடைக்கிறது: 100 கிராம் மாவுச்சத்து முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சுமார் 55 கிராம் நீர் உண்டாகும். கிடைத்த நீரை இழக்காமல் காப்பது அதைவிட வியப்பான ஏற்பாடு. பூச்சிகளில் சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் மால்பீஜியன் குழல்கள் பொதுவாக உடற்குழியில் தளர்வாக மிதக்கும். மாவுப்புழுவில் அவற்றின் நுனிகள் மலக்குடலின்மேல் ஒட்டிப் படிந்து, ஓர் உறையால் சுற்றப்பட்டிருக்கின்றன. இக்குழல்களுக்குள் பொட்டாசியம் குளோரைடு மிகுந்த செறிவில் சேர்வதால், கழிவில் எஞ்சியுள்ள நீர் சவ்வூடு பரவல் வழியே உள்ளிழுக்கப்படுகிறது. டப்பாவின் அடியில் சேரும் எச்சம் மணலைப் போல உலர்ந்து உதிர்வதற்கு இதுவே காரணம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 88 விழுக்காட்டைத் தாண்டும்போது, இதே அமைப்பைக் கொண்டு காற்றிலுள்ள நீராவியைக்கூடப் புழு உறிஞ்சிக்கொள்ளும்.

ஆகவே கேரட் துண்டோ உருளைக்கிழங்குத் துண்டோ இல்லாவிட்டாலும் புழுக்கள் உடனே மடிந்துவிடுவதில்லை. வளர்ச்சி மட்டும் மிகவும் மந்தமாகும். துண்டுகளை வைத்தால் விரைவில் பருக்கும். ஆனால் தேவைக்கு மேல் வைத்தால் தவிடு ஈரமாகிப் பூஞ்சை பிடிக்கும். அதைத் தொடர்ந்து, கண்ணுக்கு அசையும் தூசியாகத் தெரியும் மாவுச் சிற்றுண்ணிகள் பெருகும். புதிதாக வளர்ப்பவர்களின் டப்பாக்கள் வறட்சியைவிட ஈரத்தாலேயே அதிகம் கெடுகின்றன என்பது என் எண்ணம். ஒரு நாளில் தின்று முடிக்கும் அளவே வைத்து, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். புதுத் தவிட்டைச் சில நாட்கள் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் அதிலுள்ள உண்ணிகளும் முட்டைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் புழுவும் ஏறாது, வண்டும் ஏறாது. ஆயினும் மூடியில் காற்றோட்டத்திற்கு வலை இருப்பது நல்லது.

25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிக்கும். புழு பலமுறை தோலுரித்து, இரண்டு மூன்று மாதங்களில் கூட்டுப்புழுவாகி, மேலும் ஓரிரு வாரங்களில் வண்டாகும். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடக்கூடும். ஆனால் அந்த முட்டைகளையும், அசைய இயலாத கூட்டுப்புழுக்களையும் வண்டுகளே தின்றுவிடும் என்பதால், வண்டுகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை சல்லடையால் பிரித்து வேறு டப்பாவுக்கு மாற்றுவது வழக்கம். கோடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நெருக்கமாகக் கிடக்கும் புழுக்களின் உடல் தாமே வெப்பத்தை உண்டாக்குவதால், டப்பாவின் உட்புறம் அறையைவிடச் சூடாக இருக்கும்.

எப்போது கூட்டுப்புழுவாக மாறுவது என்பதை இளமை ஹார்மோன் தீர்மானிக்கிறது. அது இரத்தத்தில் மிகுந்திருக்கும்வரை ஒவ்வொரு தோலுரிப்பும் இன்னொரு பெரிய புழுவையே தரும். அது குறைந்தபின் நிகழும் தோலுரிப்பில்தான் உருமாற்றம் தொடங்கும். கடைகளில் கிடைக்கும் 'ராட்சத' மாவுப்புழுக்கள், அந்த ஹார்மோனைப் போலச் செயல்படும் வேதிப்பொருளால் புழுப்பருவத்திலேயே நிறுத்தி வளர்க்கப்பட்டவை. இனப்பெருக்கத்திற்கு அவற்றை நம்ப வேண்டாம். மாறாக, சாதாரணப் புழுக்களைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் அவற்றின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுபோய், பல வாரங்கள் தீனிக்கு உதவும்.

இத்தீனியின் பெருங்குறை சுண்ணாம்புச்சத்து. நம் எலும்பு கால்சியத்தால் உறுதி பெறுவது போல, பூச்சியின் புறக்கூடு கைட்டின் என்னும் கெட்டியான நார்ப்பொருளாலும் புரதத்தாலும் உறுதி பெறுகிறது. அதனால் அதன் உடலில் கால்சியம் மிகக் குறைவு. மாவுப்புழுவில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது; தவளைக்கோ கால்சியம் சமமாகவேனும் கூடுதலாகவேனும் இருக்க வேண்டும். இக்குறை நீடித்தால் தவளையின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். தாடை மென்மையாகி, கால்கள் வளையும். தீனியிடுவதற்கு இரண்டொரு நாள் முன்பு கால்சியம் மிகுந்த உணவைக் கொடுத்துப் புழுவின் குடலை நிரப்புவது ஒரு வழி. தீனியிடும் தருணத்தில் கால்சியம் கார்பனேட் பொடியில் புரட்டிக் கொடுப்பது மற்றொரு வழி. கால்சியத்தை உடல் உறிஞ்ச உதவும் வைட்டமின் டி3 இல்லையேல் இரண்டும் பாதிப் பயனே தரும்.

கொழுப்பு இதற்கு நேர்மாறு, தாராளமாக இருக்கிறது. அதிகம் தின்ற பச்சை மரத்தவளைக்குக் கண்ணுக்கு மேலிருந்து செவிப்பறைப் பக்கம் செல்லும் மேடு கொழுத்துத் தொங்கும். ஆகையால் மாவுப்புழுவை மட்டுமே உணவாக்காமல், சிள்வண்டு, மண்புழு முதலியவற்றோடு கலந்து கொடுப்பதே சரி. விழுங்கப்பட்ட புழு வயிற்றைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியேறும் என்று ஒரு பேச்சு உண்டு. நலமான தவளையின் வயிற்று அமிலத்திலும் காற்றில்லாச் சூழலிலும் அதற்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. உண்மையில் தொல்லை தருவது கைட்டின். தவளை மெல்லாமல் முழுதாக விழுங்குவதால், சிறு தவளைகளுக்கு அப்போதுதான் தோலுரித்து வெண்மையாக, மென்மையாக இருக்கும் புழுக்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது நலம். சில மணி நேரத்திலேயே அந்தத் தோல் இறுகிப் பழுப்பாகிவிடும்.

புழுக்களை வழவழப்பான சுவருள்ள சிறு கிண்ணத்தில் வைக்க வேண்டும். தரையில் விட்டால், மாவுக்குள் புதைந்து பழகிய அவை மண்ணுக்குள் நுழைந்து தவளையின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பூசிய பொடியும் வழியிலேயே உதிர்ந்துவிடும்.