தேயிலைக் கொழுந்து லொறியோட நம்பர் பிளேட்ட வாசிக்கிறது எப்படி

நம்ம இலங்கையில, ஹட்டன் பஸ் ஸ்டேண்ட்ல அஞ்சு நிமிஷம் நின்னு வாகனத்த விட்டுட்டு நம்பர் பிளேட்ட மட்டும் பாருங்க. பஸ்ஸுன்னா முதல் எழுத்து என், லொறின்னா எல், வேனுக்கு பி, ஓட்டோன்னா க்யூ இல்லாட்டி வை. 2000ல வந்த முறை இது. எழுத்துக்கு பக்கத்துல சின்னதா அரச இலச்சினை, அதுக்கு கீழ மாகாணம், கண்டி நுவரெலியா பக்கம்னா சிபி, பதுளைன்னா யூபி. இப்ப வர்ற புது பிளேட்ல மாகாணம் இல்ல. ஒரு எழுத்துச் சோடிக்கு 9999 நம்பருக்கு மேல போக முடியாதுல்ல, அதான் ஓட்டோ, பைக் எல்லாம் சீக்கிரமா முடிஞ்சு மூணெழுத்துக்கு போயிருச்சு, சில புது லொறிக்கும் டி-யில தொடங்குற மூணெழுத்து தான்.

அதுக்கு முந்தின காலத்த கேட்டா மனசு கனத்துப் போகும். வெள்ளக்காரன் காலத்துல சிலோன்ங்குற இங்கிலீஷ் பேருல உள்ள எழுத்தையே ரெண்டு ரெண்டா எடுத்து சிஈ, சிஎல், ஈஎன்னு போட்டாங்க. 1956ல சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு நடுவுல சிங்கள ஸ்ரீ எழுத்து வந்துச்சு, முன்னுக்கு ஒரு இலக்கம், ஸ்ரீ, பிறகு நாலு இலக்கம். தமிழ் ஆளுங்க அதுக்கு தார் பூசி எதிர்ப்பு காட்டினாங்க. 1958ல அந்தக் கொதிப்பு மலையகத்துக்கும் வந்து பொகவந்தலாவையில பொலிஸ் சுட்டு ரெண்டு தோட்டத் தொழிலாளிங்க உயிர விட்டாங்க. ஒரு தகரத்துல இருந்த ஒரே ஒரு எழுத்து! நம்ம பிள்ளைங்க இத கட்டாயம் தெரிஞ்சு வச்சிருக்கணும். ஸ்ரீ நம்பர் முடிஞ்ச பிறகு வெறும் இலக்கமும் கோடும் தான், பழைய சிடிபி (அரசாங்க) பஸ்ல 62ன்னு தொடங்குறத பெரியவங்க பாத்திருப்பீங்க.

இப்ப முன்னால வெள்ள, பின்னால மஞ்ச. இருட்டுல மஞ்சளா மின்னினா வாகனம் நமக்கு முதுக காட்டிட்டு போகுதுன்னு உடனே புரியும். மின்னுறது எப்படின்னா, இந்த மாதிரி பிளேட் மேல இருக்கிற ஷீட்டுக்குள்ள பொடிப்பொடியா கண்ணாடி மணி பதிச்சிருப்பாங்க, ஹெட்லைட் வெளிச்சம் மணிக்குள்ள நுழையும்போது வளைஞ்சு பின்பக்கம் ஒரு புள்ளியில குவியும், அங்க பூசியிருக்கிற பளபளப்புல பட்டு வந்த வழியிலயே திரும்பிரும். முகம் பாக்குற கண்ணாடியா இருந்தா சரிச்சு பிடிச்சா வெளிச்சம் வேற எங்கயாவது போயிரும். மணி அப்பிடி இல்ல, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும், நம்ம கண்ணு ஹெட்லைட்டுக்கு கிட்டத்துலயே இருக்கிறதால பிளேட் நமக்கு எரியிற மாதிரி தெரியுது.

போன மாசம் நானுஓயா தாண்டி ஒரு கொழுந்து லொறிக்கு பின்னால போனேன். பனி மூடி லொறியே தெரியல, பிளேட்டும் தெரியல, கிட்ட போன பிறகு தான் கண்டேன், பின்பக்கம் முழுக்க சேறு. சேறு மூடினா வெளிச்சம் மணிகிட்டயே போகாதே. டீக்கடையில நிப்பாட்டுன நேரம் சொன்னேன், கிளீனர் தம்பி ஈரச் சாக்குத்துண்ட எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். அடுத்த வளைவுலயே தூரத்துல மஞ்ச கோடு பளிச்சுன்னு தெரிஞ்சுது.